நூலக வாசலில் நமது ஒலிபெருக்கி!

(தர்மபுரி மாவட்டத்தில் கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



'நூலகத்தின் சிறப்பு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சிறப்பைப் பற்றிப் பேசப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இன்று ஒரு தவறை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான் சொல்வதை நீங்கள் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தில் ஓர் ஊரில் நமது பொதுக்கூட்டம். மஃக்ரிபுக்குப் பிறகு ஆரம்பம். மேடை போட்ட இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் நூலகம். ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றை நூலகச் சுற்றுச்சுவரை ஒட்டி, அதன் ஜன்னலைப் பார்த்தவாறு வைத்திருந்தார்கள். மைக் செட்காரர் சோதனை பார்த்துக்கொண்டிருந்தபோது, பதினெட்டு பத்தொன்பது வயதுள்ள ஒரு பெண் பிள்ளை கையில் நோட்டுப் புத்தகத்தோடு மேடைப் பக்கம் வந்தாள்.

"ஐயா, எட்டு மணிக்கு லைப்ரரி பூட்டிடுவாங்க. அது வரைக்கும் சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. உள்ளே பத்துப் பேர் படிச்சிக்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை பரீட்சை" என்றாள்.

நமது சகோதரர் ஒருவர், "போலீஸ் பர்மிஷன் வாங்கியிருக்கோம்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நேரம்தாம்மா, பொறுத்துக்கோ" என்றேன். அவள் எதுவும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். நான் மேடை ஏறி ஒன்றரை மணி நேரம் பேசினேன். அன்று என் தலைப்பு என்ன என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கல்வியின் அவசியம்!

நான் பேசி முடித்துக் கீழே இறங்கியபோது நூலகத்தில் விளக்கு அணைந்திருந்தது. மறுநாள் காலை போய் நூலகரைக் கேட்டேன். "அந்தப் பொண்ணு ஏழு மணிக்கே கிளம்பிடுச்சு. எல்லாருமே கிளம்பிட்டாங்க" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கல்வி கற்கச் சொல்லி நான் ஊருக்கு உபதேசம் செய்தேன். கற்றுக்கொண்டிருந்த பத்துப் பேரை அதே குரலால் எழுப்பி அனுப்பினேன். சகோதரர்களே, அந்த இரவுக்குப் பிறகுதான் நூலகத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

யார் வீட்டுச் சொத்து?

நூலகம் என்றால் அரசாங்கம் இலவசமாகக் கட்டிக் கொடுத்த கட்டடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரி என்று தனியாக ஒரு தொகை சேர்கிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் அதற்கு மேல் நூறு ரூபாய் நூலகத்துக்கு. ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் நூலகத்தின் படியையே மிதித்திராதவராக இருக்கலாம். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர் நீங்கள்!

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் இன்றும் அவை பாடம். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். மக்கள் புத்தகத்தைத் தேடி வராவிட்டால் புத்தகம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்று நினைத்த காலம் அது!

ரங்கநாதனின் ஐந்தாவது விதியின் கருத்து என்னவென்றால், நூலகம் உயிருள்ள பொருளைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது. வளர்வது என்றால் அலமாரி பெருகுவது மட்டும் அல்ல. வருகிறவர்கள் மாறுவார்கள், அவர்கள் தேவை மாறும், அதற்கேற்ப நூலகமும் மாற வேண்டும். இன்று நமது ஊர்களில் நடப்பது அதுதான். சத்தம் பற்றிய சண்டையும் அங்கேதான் பிறக்கிறது.

இன்று உள்ளே இருப்பவர்கள் யார்?

ஒரு மாலை நேரம் கிளை நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். முன் மேசையில் பெரியவர்கள் நாளிதழ் பார்ப்பார்கள். பார்ப்பதோடு நிற்பார்களா? மாங்காய் விலையிலிருந்து மந்திரிசபை வரை பேசுவார்கள். அடுத்த மேசையில் அரசுத் தேர்வு எழுதப் போகிற இளைஞர்களும் பெண் பிள்ளைகளும். அவர்களில் பலர் நூலகத்தின் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன்? வீட்டில் இடமில்லை. ஒரே அறை, அதில் டி.வி., தம்பி, பாட்டி, அடுப்பு. சென்னையிலோ சேலத்திலோ பயிற்சி நிலையத்தில் சேரப் பணமில்லை. அவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கொஞ்சம் அமைதி. இந்த மூன்றும் இலவசமாகக் கிடைக்கிற ஒரே இடம் நூலகம்.

பள்ளி விட்டதும் குழந்தைகள் ஓடி வருவார்கள். படக்கதை எடுப்பார்கள். எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார்கள். சிரிப்பார்கள். உடனே ஒரு மேசையிலிருந்து "உஷ்!" என்று சத்தம் வரும். நூலகர் என்ன செய்வார்? ஒற்றை ஆளாக இருக்கிறார். குழந்தைகளை வெளியே அனுப்புவதுதான் அவருக்குச் சுலபமான வழி. அப்படி வெளியே போன குழந்தை மறுபடி எத்தனை வயதில் உள்ளே வரும்? வராமலேயும் போகலாம்!

யாரைக் குற்றம் சொல்வது? பெரியவருக்குப் பேசத் துணை வேண்டும். தேர்வு எழுதுகிறவளுக்கு அமைதி வேண்டும். குழந்தைக்கு உரக்கப் படித்தால்தான் எழுத்து மனதில் தங்கும். மூவர் கேட்பதும் நியாயம்தான். மூவரையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் உட்கார வைத்திருப்பதில்தான் கோளாறு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். நமது தர்மபுரி மாவட்டத்தில் 68.5 சதவீதம். அன்றைய மாவட்டங்களிலேயே கடைசி இடம்! பெண்களில் அதைவிடவும் குறைவு. இந்த மாவட்டத்தில் நூலகத்திலிருந்து ஒரு குழந்தையோ ஒரு பெண் பிள்ளையோ எழுந்து போவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

மதரஸாவில் ஒரு பாடம்

நூலகம் என்றால் பூரண அமைதி என்று சிலர் சொல்வார்கள். நமது நாட்டுப் படிப்பு அப்படியா இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்ல, பிள்ளைகள் கூவிப் படித்தார்கள். டீக்கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் காதால் படித்தார்கள். ஊர் ஊராகக் கட்சிகளும் மன்றங்களும் நடத்திய படிப்பகங்களில் ஒரு பத்திரிகையைச் சுற்றி விவாதம் அனல் பறந்தது. எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் படிப்பு என்பது ஊர் கூடிச் செய்த காரியம். அதில் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

நான் ஓதிய அரபி மதரஸாவிலும் சத்தம் உண்டு. குர்ஆன் மனனம் செய்கிற பிள்ளைகள் முப்பது பேர் ஆளுக்கொரு பக்கத்தை ஒரே நேரத்தில் உரக்க ஓதுவார்கள். புதிதாக வந்தவருக்குச் சந்தை இரைச்சலாகத் தெரியும். ஆனால் மூலையில் ஒரு பையன் ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்தால் உஸ்தாத் அங்கிருந்தே திருத்துவார்!

ஆலிம் வகுப்புப் பிள்ளைகளான எங்களுக்கு இரண்டு வகைப் படிப்பு இருந்தது. ஒன்று முதாலஆ. நாளைய பாடத்தை அவரவர் தனியே, வாய் திறக்காமல் பார்த்து வைப்பது. மற்றொன்று தக்ரார். நடந்த பாடத்தை நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து மாறி மாறிச் சொல்லிப் பார்ப்பது. முதாலஆ நேரத்தில் யாராவது வாய் திறந்தால் உஸ்தாதின் பார்வையே போதும். தக்ரார் நேரத்தில் யாராவது வாய் திறக்காவிட்டால் அதற்கும் கண்டிப்பு உண்டு. ஒரே கூடம், அதே மாணவர்கள். நேரம் மட்டும் வேறு. இரண்டும் படிப்புத்தான் என்று எங்கள் உஸ்தாதுகளுக்குத் தெரிந்திருந்தது. நமது நூலகத்துக்கு இதைவிடப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை.

பெரிய கட்டடம் கட்டியவர்கள் நேரத்துக்குப் பதிலாக இடத்தைப் பிரித்திருக்கிறார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, பார்வையற்றவர்களுக்குப் பிரெயில் பிரிவு, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனி இடம். மதுரையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் ஊடி என்ற நூலகத்தைத் திறந்தார்கள். கீழ்த்தளம் மக்கள் கூடிப் பேச. நடுத்தளத்தில் தையல் இயந்திரமும் இசை அறையும்கூட உண்டு. புத்தகங்கள் மேல்தளத்தில். சத்தத்தை விரட்டாமல் அதற்கென்று ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நமது நகராட்சிகளிலும் நூலகமும் அறிவுசார் மையமும் என்ற பெயரில் புதிய கட்டடங்கள் வந்திருக்கின்றன. 2024 ஜனவரியில் பல ஊர்களில் திறந்தார்கள். தேர்வுக்குப் படிப்பவர்களை மனதில் வைத்துக் கட்டியவை அவை. நல்லது. ஆனால் நமது கிராமத்து நூலகம் பெரும்பாலும் ஓர் அறை. அங்கே தளம் பிரிக்க முடியாது, நேரம் பிரிக்கலாம்!

சட்டப் பட்டியலில் இல்லாத பெயர்

இதுவரை சொன்னது நூலகத்துக்குள் எழும் சத்தம். அதைப் பேசித் தீர்க்கலாம். வெளியிலிருந்து வருகிற சத்தம்தான் பெரிய அநியாயம். திருவிழா, கந்தூரி, கட்சிக் கூட்டம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் மைக் செட்! நான் மற்றவர்களைச் சொல்லி நம்மைத் தப்பவைக்க மாட்டேன். முதல் குற்றவாளி நான்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. தெரியாத பகுதி ஒன்று உண்டு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் எல்லை. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறத்தாழ 60 டெசிபல் என்றால், அந்த எல்லை எவ்வளவு கண்டிப்பானது என்று பாருங்கள்.

அந்தப் பட்டியலில் நூலகம் என்ற சொல் இல்லை! ஆனால் வழி அடைக்கப்படவில்லை. உரிய அதிகாரி வேறு இடங்களையும் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. யார் கேட்டார்கள்? மருத்துவமனைக்குக் கேட்டார்கள், கிடைத்தது. நூலகத்துக்கு நாம் மனு கொடுத்தோமா? புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. கேட்காமல் எதுவும் வந்ததில்லை.

சட்டத்துக்கு முன்பே நமக்கு ஒரு கட்டளை இருக்கிறது. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்கள் சத்தமாக ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் இடையூறு செய்ய வேண்டாம், ஓதுவதில் ஒருவர் குரலை விட மற்றவர் குரலை உயர்த்த வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தியதை நாம் படித்திருக்கிறோம். எதை ஓதும்போது? குர்ஆனை ஓதும்போது! வேத வசனத்தை ஓதும் குரலுக்கே அந்த வரம்பு என்றால், என்னுடைய சொற்பொழிவுக்கு எவ்வளவு வரம்பு இருக்க வேண்டும்? அன்று மேடையில் எனக்கு இது ஞாபகம் வரவில்லை. போலீஸ் பர்மிஷன் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

அமைதியான பூட்டு

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. தமிழ் உலகம் இன்றும் அழுகிறது. நமது தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12 ஆயிரத்துக்கும் அதிகமான ஊராட்சிகளில் நூலகக் கட்டடம் கட்டினார்கள். பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. புத்தகத்தைக் கரையான் படிக்கிறது! இதற்கு யார் அழுதோம்? சத்தமே இல்லாத நூலகம் வேண்டுமா? இதோ, பூட்டிய நூலகம். அங்கே பூரண அமைதி! ஆகவே குழந்தைகளின் சத்தத்தைக் கண்டு எரிச்சல்படுகிற பெரியவர்களே, அந்தச் சத்தம் நூலகம் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. அதற்கு நேரம் கொடுங்கள். துரத்தாதீர்கள்.

என்ன செய்யலாம்?

ஒன்று: ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் கூடி நேரப் பட்டியல் எழுதி ஒட்ட வேண்டும். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கு. அந்த நேரத்தில் உரக்கப் படிக்கலாம், கதை சொல்லலாம். அதன் பிறகு பூட்டும் வரை அமைதி. காலையில் நாளிதழ் மேசையை வராந்தாவுக்கு மாற்றினால் பெரியவர்கள் பேச்சும் நிற்காது, படிப்பும் கெடாது.

இரண்டு: நூலகத்தைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். ஜமாஅத்தும் கோவில் கமிட்டியும் கட்சிக் கிளைகளும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், நாளை யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சத்தம் போடுகிற எல்லாருமே கையெழுத்துப் போட்டவர்கள் ஆகிவிடுவோம்!

மூன்று: கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பது நெடுங்கால வழக்கம். மதரஸாப் பிள்ளைகளுக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆக அந்தப் பிள்ளைகள் நூலகத்தின் வாசலைப் பூட்டிய நிலையில் மட்டுமே பார்க்கிறார்கள். வாரத்தில் வேறொரு நாள் அஸருக்குப் பிறகு அவர்களை வரிசையாக அழைத்துப் போக உஸ்தாதுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் படிக்கட்டும். கணக்கும் விஞ்ஞானமும் பார்க்கட்டும்.

நான்கு: வசதியுள்ளவர்கள் ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேருங்கள். கல்யாணத்துக்குப் பந்தல் விளக்குக்குச் செலவழிப்பதில் இது எத்தனை பங்கு? ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நூலக வரி கட்டினேன், நூலகம் எங்கே என்று கேளுங்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்!

ஐந்தாவதாக நான் சொல்வது எனக்கு. அந்த இரவுக்குப் பிறகு நான் பேச ஒப்புக்கொள்கிற கூட்டத்துக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். பக்கத்தில் நூலகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் மேடையை மாற்ற வேண்டும், அல்லது எட்டு மணிக்கு மேல் ஆரம்பிக்க வேண்டும், அல்லது மைக் இல்லாமல் பேச வேண்டும். மூன்று இடங்களில் மைக் இல்லாமல் பேசினேன். கூட்டம் குறைவாகத்தான் வந்தது. வந்தவர்கள் கிட்டே நெருங்கி உட்கார்ந்து கேட்டார்கள். ஓரிடத்தில் "ஹஜ்ரத் குரல் எடுபடவில்லை" என்று வருத்தப்பட்டார்கள். எடுபடாவிட்டால் பரவாயில்லை என்று சொன்னேன்.

அந்தப் பெண் பிள்ளை தேர்வில் வென்றாளா என்று எனக்குத் தெரியாது. பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் அவள் உட்கார்ந்து, நம் மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் அதில் என் பங்கு எவ்வளவு என்ற கணக்கு என்னோடு இருக்கிறது. அவள் கேட்டது முழுதாக இரண்டு மணி நேரம்கூட இல்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு மேடைப் பக்கம் வந்து நின்றால், பர்மிஷனைக் காட்டாதீர்கள். முதலில் ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

நேரம் ஏழரை ஆகிறது. உள்ளே படிக்கிறவர்களுக்கு இன்னும் அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது.